குப்பனூர் பாதையில் ஒரு விசில்

ஒரு விசில் கொடுத்தால் பஸ் நிற்க வேண்டும், இரண்டு கொடுத்தால் கிளம்ப வேண்டும். கண்டக்டராக இருந்த என் மாமா, ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில், நிறுத்தமே இல்லாத ஓர் இடத்தில் தினமும் ஒரு விசில் கொடுப்பார். டிரைவர் சிரித்துக்கொண்டே வேகத்தைக் குறைப்பார். மாமா குனிந்து, தகரத்தில் எண் அடித்துக் கட்டிய தேக்கங்கன்றுகளைக் காட்டி, "அந்தா, மூணாவது வரிசையில நிக்குது பாருங்க நம்ம மரம்" என்பார். பள்ளிக்கூட வாசலில் பிள்ளையைக் கண்ட தகப்பன் முகமாக இருக்கும் அது.

தொண்ணூறுகளில் தேக்குக் கம்பெனிகள் மழைக்காளான் போல முளைத்தன. பணம் கட்டினால் உங்கள் பேரில் ஒரு மரம். அது வளர்ந்தால் லட்சம். விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது என்பதைத்தான் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டார்கள். வரியை மிச்சம் பிடிக்க வசதியானவர்கள் கூட்டமாக வாங்கினார்கள், விலை ஏறியது, ஏறுகிறதே என்று மற்றவர்களும் ஓடினார்கள். மாமா, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததை எல்லாம் அதில் போட்டார். "கவர்மெண்டே வரி வேண்டாங்குது கண்ணு. மோசமானதுன்னா அப்படிச் சொல்லுமா?" என்று என்னிடம் கேட்டார். வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே வாங்காத மனிதர். அந்தச் சலுகையால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று யாரும் சொல்லவில்லை.

பிறகு அரசாங்கம் விழித்துக்கொண்டு, இப்படிப் பணம் திரட்டக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. புதுப்பணம் வருவது நின்றதும் கம்பெனி வாசலில் பூட்டு தொங்கியது. நிலம் வேறு யார் பேரிலோ இருந்தது. மகளுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோனது.

கிளியூரிலிருந்து ஆரஞ்சுக் கூடையோடு பஸ் ஏறும் ஓர் அம்மாவும், மாமா காட்டியதைப் பார்த்து ஒரு மரத்துக்குக் கட்டியிருந்தார். அப்படியே பணம் போட்ட மற்றப் பயணிகள் மாமாவைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டபோது அவர் மட்டும், "உங்களைக் குத்தஞ் சொல்லி என்னங்க ஆவுது? நீங்களுந்தானுங்களே போட்டீங்க" என்றாராம். வைதிருந்தால் மாமா தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. மாற்றல் கேட்டு வாங்கி, அடிவாரம் வழியாக இறங்கும் இன்னொரு மலைப்பாதை பஸ்ஸுக்குப் போய்விட்டார். சாகும்வரை குப்பனூர் பாதையில் கால் வைக்கவில்லை.

போன மாதம் நான் அந்த வழியாக இறங்கினேன். தேக்குகள் நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "ஏனுங்க, யாரு தோட்டமுங்க இது?" என்றாள்.

"தெரியலைங்க" என்றேன். மூன்றாவது வரிசையைக் கண்ணால் பிடிப்பதற்குள் பஸ் தாண்டிவிட்டது. விசில் கொடுக்க யாரும் இல்லை.