சிவப்பு அட்டை தொங்கிய கதவு

எங்கள் ஓட்டலில் அவளுக்குச் சஸ்பென்ஸ் அக்கா என்று பெயர். மூன்றாம் மாடியின் பதினான்கு அறைகளையும் பெருக்கித் துடைத்துப் படுக்கை மாற்றுகிற வேலை. பத்தொன்பது வருடமாக அதே மாடி, அதே தள்ளுவண்டி. மத்தியானம் சாப்பிடும்போது கீழே துணி அறையில் செல்போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து, ஓட்டலில் கொலை நடக்கிற படமாகத் தேடித் தேடிப் பார்ப்பாள். வீட்டில் அதற்கு வழியில்லை. பஸ் ஓட்டுகிற அவள் புருஷன், திகில் இசை ஆரம்பித்ததுமே எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாராம்.

பார்ப்பதோடு விடமாட்டாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில், வரவேற்பு மேஜையில் இருக்கிற என்னைப் பிடித்துக்கொண்டு படத்தைக் கிழி கிழி என்று கிழிப்பாள்.

"கட்டிலுக்கு அடியில மூணு நாளா பொணம் கெடக்காம், பெருக்குறவளுக்குத் தெரியாதாம். யாரு இப்படிப் பெருக்குறா? நான் இருந்தா இடைவேளைக்கு முன்னாடியே படம் முடிஞ்சிருக்கும்."

"அப்போ பாதி டிக்கெட்தான் விக்கணும்க்கா" என்பேன்.

அவள் சொன்னது வீண் ஜம்பம் இல்லை. துண்டு கிடக்கிற விதத்தை வைத்தே அந்த அறையில் சண்டை நடந்ததா என்று சொல்லிவிடுவாள்.

அதனால் ஒரு படக் குழு மூன்றாம் மாடியை நாலு நாளைக்கு வாடகைக்குக் கேட்டு வந்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பூட்டிய அறைக்குள்ளிருந்து செத்தவன் கதவைத் தட்டுகிறான், அதுதான் கதை. துப்புரவுப் பெண்ணாக நடிக்கிறவருக்கு வண்டி தள்ளுவதும் தலையணை உறை மாட்டுவதும் அக்காதான் சொல்லிக்கொடுக்க வேண்டும். மானிட்டருக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டார்கள். அந்த மாடியில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

தங்கியிருந்தவர்களை இரண்டாம் மாடிக்கு மாற்றினோம். மூலை அறைப் பெரியவர் மட்டும் முடியாது என்றுவிட்டார். மனைவி போன பிறகு வீட்டை விற்றுவிட்டு, ஒன்றரை வருடமாக எங்களிடமே தங்கியிருந்தவர். "சினிமாக்காரனுக்காக நான் எதுக்குப்பா கட்டில் மாறணும்?" என்றார். சரி, தொலையட்டும் என்று விட்டோம்.

தப்பு எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால், என் மேஜையில்தான். எல்லாக் கதவிலும் 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்ற அட்டை தொங்க வேண்டும் என்றார்கள். சிவப்பு அட்டைக் கட்டை எடுத்துக் கொடுத்தவன் நான். பதினான்கு கதவிலும் மாட்டினார்கள், பெரியவர் கதவிலும்தான். படப்பிடிப்பு முடிகிறவரை ஓர் அட்டைகூட அசையக் கூடாது, அசைந்தால் ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் ஒட்டாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

சிவப்பு அட்டை தொங்கினால் கதவைத் தட்டக் கூடாது என்பது ஓட்டல் வேலையின் முதல் பாடம். அக்காவுக்கு அது ரத்தத்தில் ஊறிப்போனது. முதல் நாள் பெரியவர் அறை வரை போனவள், அட்டையைப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றால் அவரே கூப்பிடட்டும் என்று திரும்பிவிட்டாள். அவர் கூப்பிடவில்லை. படக்காரர்கள் மேல் கோபமாக இருப்பார் என்று நினைத்தோம். வெளியே போய்ச் சாப்பிடுகிற மனிதர். அந்தக் கூட்டத்தில் போனாரா வந்தாரா என்று யாரும் கவனிக்கவில்லை. என் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஃபோன் இருந்தது. நானும் எடுக்கவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் விளக்குகளை இடம் மாற்றுகிற நேரத்தில், தாழ்வாரத்துக் கோடியிலிருந்து தட்டுகிற சத்தம் கேட்டிருக்கிறது. அக்காவுக்குப் புல்லரித்துவிட்டதாம். சாயங்காலம் என் மேஜையில் தட்டியே காட்டினாள்.

"ரெண்டு தட்டு, அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு ஒண்ணு. சாகப்போறவன் தட்டுற மாதிரியே இருந்துச்சுப்பா. இப்பதான் ஒரு படத்துல ஒழுங்கா பண்றாங்க."

நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் காலை, ஒலிப்பதிவாளர் தரையில் ஒயர்களை விரித்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பாராட்டப் போனாள்.

"நேத்து அந்தத் தட்டுற சத்தம் பிரமாதம் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அதை இன்னும் எடுக்கவே இல்லையேம்மா. இன்னைக்குத்தான் எடுக்கப்போறோம்."

அக்கா மூலை அறைக்கு ஓடினாள். எல்லா அறைக்கும் பொதுவான சாவி அவள் இடுப்பில் இருந்தது. கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. பின்னால் பெரியவர் கிடந்தார். பக்கவாதம். வாய் ஒரு பக்கமாகக் கோணி, உதடு காய்ந்து வெடித்திருந்தது. உயிர் இருந்தது. மருத்துவமனையில் இரண்டு நாள் இழுத்துக்கொண்டு கிடந்து, போய்விட்டார். முந்தின நாளே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அங்கே ஒரு நர்ஸ் என்னிடம் சொன்னாள். அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நாமதான் கண்டுபிடிச்சு சேர்த்தோம். அதுக்கு மேல யாரும் வாயைத் திறக்க வேண்டாம்" என்றார் முதலாளி. திறந்தால் வேலை போகும் என்பதை அவர் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெளியூரிலிருந்து மகள் வந்தாள். மூலை அறையில் அப்பாவின் சட்டைகளை அக்கா மடித்துக் கொடுக்க, அவள் பெட்டியில் அடுக்கினாள். கையெழுத்து வாங்க நானும் போய் நின்றேன்.

"நீங்கதானே கதவைத் திறந்தீங்க?"

"ஆமாம்மா."

"விழுந்த உடனே நினைவு போயிருக்கும், ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னார். அப்படித்தானே? சத்தம் ஏதும் கேக்கலையே?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"இல்லம்மா. ஒண்ணும் கேக்கல."

இரக்கத்தில் சொன்னாளா, பயத்தில் சொன்னாளா, தெரியாது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன்.

மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எங்கூட வந்துடுங்கப்பான்னு எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன். தனியா விழுந்து கெடந்தா யாரு பார்ப்பாங்கன்னு சண்டை போடுவேன். 'இங்க ஒரு பொண்ணு இருக்கா, உள்ளேருந்து ஒரு தட்டு தட்டினாப் போதும், ஓடி வந்துடுவா'ன்னு சொல்லிச் சிரிப்பார்."

மடித்துக்கொண்டிருந்த சட்டை அக்காவின் மறு கையிலிருந்து நழுவியது.

"தட்டினாரும்மா" என்றாள். "ரெண்டாம் நாள் மத்தியானம். நான் கேட்டேன். சினிமான்னு நெனச்சு ரசிச்சேன்மா."

மகள் கையை விடுவித்துக்கொண்டாள். கீழே விழுந்த சட்டையை எடுத்துத் தானே மடித்து வைத்தாள். பெட்டியைத் தூக்க நாங்கள் இருவரும் குனிந்தோம்.

"தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, தனியாக அதை இழுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போனாள்.