பின்பக்கத்தில் ஏழாம் கட்டளை

கண்ணாடியின் மேல் தாளைக் கவிழ்த்து, மூடியைச் சாத்தி, பச்சைப் பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் ஜெரோம் கட்டைவிரல் நகத்தால் நெற்றியில் கடுகளவு ஒரு சிலுவை போட்டுக்கொள்வார். ஆதார் அட்டைக்கு அது கிடையாது. ரேஷன் அட்டைக்கும் கிடையாது. கம்பெனிச் சட்டம், ஐந்தாவது யூனிட், எவ்வளவு சுருங்குமோ அவ்வளவு சுருக்கி நாலு காப்பி என்று ஒரு கல்லூரிப் பையன் குரலைத் தாழ்த்திக் கேட்கும்போது மட்டும்தான்.

கிழக்குத் தாம்பரத்தில் சாவி போடுகிறவருக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கிறது அவருடைய ஜெராக்ஸ் கடை. தேர்வுக் காலத்தில் அங்கே இரண்டு வரிசை இருக்கும். வாடகை ஒப்பந்தத்தோடு வரும் சிறுசேரி கம்ப்யூட்டர்காரர்களும் பென்ஷன்காரர்களும் நடைபாதையில் நிமிர்ந்து நிற்பார்கள். பிட் எடுக்க வந்தவர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். ஜெரோம் சுவர்ப் பக்கத்தையும் ஏமாற்ற மாட்டார். தீப்பெட்டிக்குள் ஒரு யூனிட்டை அடக்கித் தருவார். ஒரு எழுத்துகூட மங்காது.

வயது ஐம்பத்து மூன்று. இளமையில் ஐந்து வருடம் கத்தோலிக்கக் குருமடத்தில் சாமியாருக்குப் படித்தவர். வெளியே வரும்போது அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். அறநெறி வகுப்பை மட்டும் கழற்ற முடியவில்லை. இயந்திரம் சூடேறும் நேரத்தில், கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஆரம்பித்துவிடுவார்.

"இதுல ரெண்டு வகை இருக்கு தம்பி. ஃபார்மல் கோஆபரேஷன்னா, நீ தப்புப் பண்ணணும்னு நானும் மனசார ஆசப்படறது. அது பாவம். மெட்டீரியல் கோஆபரேஷன்னா, என் கை மட்டும் ஒதவுது, மனசு ஒதவல. நான் எழுத்தச் சின்னதாக்கித் தரேன், அவ்ளோதான். அத நீ பாக்கெட்ல வெக்கிறியா சாக்ஸ்ல வெக்கிறியாங்கறது உன் ஆத்துமா பிரச்சன."

"என் ஆத்துமாவ நான் பாத்துக்கறேண்ணா, சீக்கிரம் வெட்டிக் குடுங்க, ட்ரெயின் போயிரும்."

ஒரே ஒரு பாடத்துக்கு மட்டும் அவர் பிட் எடுத்துத் தருவதில்லை. பிசினஸ் எத்திக்ஸ். "ஆண்டவரே சிரிச்சுடுவார்டா. போய்ப் படிச்சு எழுது" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

மனசு உதவவில்லை என்பதற்கு ஒரு அத்தாட்சி வேண்டுமல்லவா? அதற்காகப் பிட்டின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் ஒரு வரி அச்சடித்துக் கொடுப்பார்: 'ஏழாம் கட்டளை: களவு செய்யாதே.' எச்சரித்தாயிற்று, இனி அவன் பாடு. பையன்களோ அதற்கு 'சாமி பிட்டு' என்று பெயர் வைத்தார்கள். சாமி பிட்டு மாட்டவே மாட்டாது என்று பேச்சு கிளம்பி, குரோம்பேட்டையிலிருந்தெல்லாம் ரயிலேறி வந்தார்கள்.

மனைவி எப்சி புராட்டஸ்டண்டுகளின் சி.எஸ்.ஐ. சபையில் பிறந்தவர். அந்த வரியை முதலில் பார்த்தபோதே சொல்லிவிட்டார்: "எங்க சபையில களவு எட்டாவது கட்டள. ஏழாவதுல விபசாரம் வருது. எங்க ஆளுங்க யாராவது நம்பர மட்டும் படிச்சாங்கன்னா, கடைய பத்தி என்ன நெனப்பாங்க?"

சனிக்கிழமை மாலை, பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலில் வரிசை நிற்கும். ஜெரோமுக்குப் பின்னால் நிற்க யாரும் விரும்புவதில்லை. மண்டியிட்டவர் எழுந்திருக்க இருபது நிமிடமாகும். பங்குச் சாமியாரே ஒருமுறை, உட்கார்ந்து கேட்கும் மரக்கூண்டுத் தொட்டிக்குள்ளிருந்து வெளியே கேட்கும்படி கத்திவிட்டார்: "ஜெரோம், பாவத்த மட்டும் சொல்லுப்பா! விளக்கவுரை வேணாம்!"

போன நவம்பரில் அந்தச் சாமி பிட்டு மாட்டியது. அஸ்தினாபுரத்திலிருந்து வரும் ரூக்சார் என்ற பி.காம். மாணவியின் பென்சில் பையில், கம்பெனிச் சட்டத் தேர்வன்று, பறக்கும் படை அதைக் கண்டெடுத்தது. வெள்ளிக்கிழமை அவள் கடைக்கு வந்தபோது சுவரோரமாக நிற்கவில்லை. நேரே வந்து கண்ணாடி மேல் கையை ஊன்றினாள்.

"பின்னாடி ஏண்ணா அதப் போட்டீங்க? ட்ரெயின்ல படிக்க எடுத்த நோட்ஸ், பையிலயே தங்கிடுச்சுன்னு சொன்னேன். ஸ்குவாடு நம்புற மாதிரிதான் இருந்துச்சு. அப்பதான் திருப்பிப் பாத்தாங்க. 'படிக்கிற நோட்ஸ்ல களவு செய்யாதேன்னு எவன்மா அச்சடிப்பான்?'னு கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?"

"காப்பியடிச்சியாம்மா?"

"வெளியவே எடுக்கல. ஆனா எடுக்கலாம்னுதான் கொண்டு போனேன்."

"அப்ப மனசால..."

"அண்ணா! திங்கக்கிழம என்கொயரி. மொத்த செமஸ்டரும் போயிரும், அடுத்த வருஷமும் எழுத விடமாட்டாங்க. காலேஜ் போதும்னு எங்கப்பா நிறுத்திருவாரு. இப்பப் போயி மனசாம்!"

ஜெரோம் தன் ஆத்துமாவைக் காப்பாற்றிக்கொள்ள அச்சடித்த வரி, அந்தப் பெண்ணுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. மாலையில் தேர்வுப் பொறுப்பாளரான பேராசிரியர் சத்யநாராயணன் வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் பிட்டைக் காட்டி, "இது உங்க கடை வேலையா?" என்று கேட்டார். ஆமாம் என்றார் ஜெரோம். "பிட்டுக்கு மட்டும்தான் இப்படிப் போடுவீங்களா?" என்றார். "திங்கக்கிழமை வந்து சொல்றேன் சார்."

எப்சிக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. "எல்லாக் காப்பிக்கும் போடறதுதான்னு ஒரு பொய்யச் சொல்லிட்டு வாங்க. நான் கர்த்தர்கிட்ட பேசிக்கறேன். எங்க சபையில நேரா பேசிடுவோம். உங்கள மாதிரி நடுவுல வக்கீல் வெச்சுக்க மாட்டோம்."

"பொய்ச்சாட்சி எட்டாம் கட்டள எப்சி."

"எங்களுக்கு ஒன்பது. போயிட்டு வாங்க."

பொய் சொல்ல அவருக்கு நாக்கு வராது. உண்மையைச் சொன்னால் பெண்ணின் படிப்பு போய்விடும். சனிக்கிழமை காலை ஷட்டரைத் தூக்கும்போது அவருக்கு மூன்றாவது வழி ஒன்று தென்பட்டது. சொல்லப்போகும் பொய்யை முன்கூட்டியே உண்மையாக்கிவிட்டால் என்ன?

அன்று முதலில் வந்தவர் லக்ஷ்மிநாராயணன் என்ற ஓய்வுபெற்ற தாசில்தார். ஆதார் காப்பியை வாங்கிப் பின்பக்கம் பார்த்தவருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னய்யா இது? யார் சொல்லிக் குடுத்தா உனக்கு?" என்று மூன்று முறை கேட்டார். சிறுசேரிப் பையன் ஒருவனின் வாடகை ஒப்பந்தத்தில் பன்னிரண்டு பக்கமும் களவு செய்யாதே. "ஹவுஸ் ஓனர் அவரச் சொல்றேன்னு நெனப்பாரு அங்கிள்." "நெனக்கட்டுமே தம்பி." ஒரு கட்சிக்காரர் டெண்டர் விண்ணப்பத்தை நாற்பது பிரதி எடுக்கச் சொல்லி, முதல் பிரதியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். ஒவ்வொரு தாளையும் இரண்டு முறை ஓட்டியதில் ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் புகைந்தது. பூசைக்குக்கூடப் போகாமல் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திங்கள் காலை பதினோரு மணிக்கு, எப்சியைக் கடையில் வைத்துவிட்டு, தேய்த்த சட்டையோடு கல்லூரிக்குப் போனார். மேசைக்குப் பின்னால் மூன்று பேராசிரியர்கள். ஓரத்தில் ரூக்சார், துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கடையில எந்தக் காப்பி எடுத்தாலும் பின்னாடி அந்த வரி வரும் சார்," என்றார் ஜெரோம். "சந்தேகம்னா இப்பவே ஆள அனுப்பிப் பாருங்க."

அட்டெண்டர் மாரியை அனுப்பினார்கள். மாரி தன் ஆதார் அட்டையைக் காப்பி எடுத்துக்கொண்டு கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, மேசைமேல் அதைக் குப்புற வைத்தார். "கீது சார்."

சத்யநாராயணன் அதைப் பார்த்தார். முன்னாலிருந்த கோப்பைச் சிறிது நேரம் புரட்டினார். பிறகு, "நோட்ஸ எக்ஸாம் ஹாலுக்குள்ள கொண்டு வரக்கூடாதும்மா. இந்த ஒரு பேப்பர் மட்டும் ரத்து. மறுபடி எழுது," என்று எழுந்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிட்டது. தொட்டிக்குள் பேசியது வெளியே வரக்கூடாதுதான். ஆனால் ஜெரோமே எல்லோரிடமும் சொல்கிறார்.

"பொய் சொன்னியா?"

"இல்ல சாமி."

"ஏமாத்துனியா?"

"ஆமா சாமி."

"மெட்டீரியலா, ஃபார்மலா?" சாமியாருக்கும் கொஞ்சம் குறும்பு உண்டு.

"ஃபார்மல் சாமி. இந்தத் தடவ கை, மனசு எல்லாம் சேந்துதான் ஒதவிச்சு."

பிட் எடுப்பதை நிறுத்திவிட்டார். பின்பக்க வரியை நிறுத்த வழியில்லை. நிறுத்தினால் அன்று சொன்னது பொய்யாகிவிடும் என்கிறார். ஆகவே தாம்பரத்தில் இன்றும் வங்கிக்கும் பள்ளிக்கும் பதிவு அலுவலகத்துக்கும் ஏழாம் கட்டளை போய்க்கொண்டிருக்கிறது. "அந்த வரிய எடுத்தா டோனர் மிச்சம்," என்று எப்சி நச்சரித்துக்கொண்டே இருக்கிறார்.

இன்னொரு விஷயம் ஒரு மாதம் கழித்துத்தான் தெரிய வந்தது. பக்கத்து ஜூஸ் கடையில் நின்று சாத்துக்குடி குடித்தபடி மாரி சொன்னது. விசாரணைக் கோப்பிலிருந்த தாள்கள் முழுக்க ஜெரோம் கடையிலேயே எடுத்த காப்பிகள். கல்லூரி இயந்திரம் பழுதாகிக் கிடந்ததால், ஜெரோம் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்த வியாழக்கிழமை, எப்சியிடம் கொடுத்து மாரிதான் எடுத்து வந்திருக்கிறார். வரி எல்லாத் தாளிலும் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு.

"பின்னாடி ஒரு எழுத்து கெடையாது, அத்தினி பக்கமும் வெள்ளையா கீது," என்றார் மாரி. "சத்யநாராயணன் சாரு ஒண்ணத் திருப்பினாரு. இன்னொண்ணத் திருப்பினாரு. அப்பால நிமிந்து என்னப் பாத்தாரு. நான் இன்னா பண்ணுவேன்? மேல ஃபேனப் பாத்துகினு நின்னேன்."