வெள்ளம் நின்ற சுவர்

தங்கையின் தலைப்பிரசவம் என் வீட்டில்தான் என்று முடிவானதும் நான் செய்த முதல் காரியம், முன்னறைச் சுவருக்கு நீல பெயிண்ட் அடித்தது. பழவேற்காடு ஏரிக்கரையை ஒட்டிய வீடு. போன வெள்ளம் சுவரில் பழுப்பாக ஒரு கறையை விட்டுவிட்டுப் போயிருந்தது. மணவாள நகரிலிருந்து வரும் சம்பந்தி வீட்டார் கண்ணில் அது பட்டால் மானம் போய்விடும். "கறையே ஒட்டாது சார், தொடச்சா போயிரும்" என்று புதுவாயல் கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்த பெயிண்ட்.

இரண்டாவது காரியம், தூண் எழுப்பி உயரத்தில் ஓர் அறை கட்ட அனுமதி கேட்டு மனு போட்டது. மழைக்காலத்தில் பிள்ளைத்தாய்ச்சியை எங்கே படுக்க வைப்பது? பார்வையிட அதிகாரி வந்தார்.

"கடைசி வெள்ளம் நின்ன மட்டத்துக்கு ரெண்டடி மேல தளம் வரணும். அதான் ரூல். தடத்தைக் காட்டுங்க."

சுவர் பளபளவென்று இருந்தது.

"என் இடுப்பு வரிக்கும் வந்துச்சு சார்" என்றேன்.

"இன்னா இடுப்பு? என் கழுத்து முட்டும் நின்னுச்சு" என்றாள் மனைவி. அவள் என்னைவிட நாலு விரல்தான் குட்டை.

"ஒரே தண்ணி, ஆளுக்கொரு உசரமா?" என்றவர், 'வெள்ளத் தடம் இல்லை' என்று எழுதிக்கொண்டார். "அடுத்த வாட்டி தண்ணி வந்தா போன் பண்ணுங்க. வந்து அளந்துக்கிறேன்."

"சாட்சிய நீயே அழிச்சிட்டு நிக்கிறியே, அறிவு கீதா உனக்கு?" என்று மனைவி கத்தினாள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

ஐப்பசியில் தண்ணீர் வந்தது. செங்கல் அடுக்கித் தூக்கிய கட்டிலில், இருபது நாள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு தங்கை அழுதாள். நான் இடுப்பளவு நீரில் நின்று அதிகாரிக்குப் போன் செய்தேன்.

"ரோடெல்லாம் தண்ணி சார், எப்படி வர்றது? வடியட்டும்."

மனைவி ஓர் ஆணியை என் கையில் திணித்தாள். "கோடு கிழி." கிழித்தேன்.

வடிந்ததும் வந்தார், பார்த்தார். "இது நீங்க போட்ட கோடு. தண்ணி விட்ட தடம் எங்க?"

இல்லை. பாழாய்ப்போன பெயிண்ட் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது.

என் தங்கை மகனுக்கு இப்போது மூன்று வயது. ஆணிக்கோட்டின் கீழ் நிறுத்தினால் அவன் தலைக்கு மேல் இன்னும் ஒரு சாண் மிச்சம். அறைக்கு அனுமதி வரவில்லை. ஐப்பசி பிறந்துவிட்டால் தங்கை அவனை இங்கே அனுப்புவதில்லை, தீபாவளிக்குக்கூட.