கமலவேணி அக்காவின் தப்பு பீரோ

எருமப்பட்டிப் பேருந்தில் இருந்தபோது செய்தி வந்தது. அழைத்தவர் அக்காவின் தம்பி. "அக்கா போயிட்டாங்க சாமி" என்றார். "பாவாயம்மாகிட்ட நீயே சொல்லிக் கூட்டியாந்துரு" என்றார்.

கமலவேணி அக்காவை அறிந்தவர்களுக்கு அவருடைய ஒலிப்பதிவுக் கூடத்தைச் சொல்லத் தேவையில்லை. நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைக்குப் பின்னால் இரண்டு அறைகள். சுத்தியல் சத்தம் ஓயும் மதியச் சாப்பாட்டு வேளையில்தான் ஒலிப்பதிவு. கேசட்டில் தொடங்கி கைப்பேசிக் காலம் வரை அவர் பாட்டுகளை வெளியிட்டுக்கொண்டே இருந்தார். பாட வந்தவர் முதலில் தன் பேரையும் ஊரையும், பாட்டைக் கட்டியவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். "பாட்டு காத்துல வராதுங்க. யாரோ ஒருத்தரு உக்காந்து கட்டியிருக்கோணும்" என்பார்.

பாடியவர் தடுமாறிய நாடாக்களை மற்றவர்கள் அழித்து மறுபடி பயன்படுத்துவார்கள். அக்கா அழிக்க மாட்டார். மேலே 'தப்பு' என்று எழுதி ஒரு பச்சை பீரோவில் அடுக்குவார். "ஊரு பீரோவுல நகை இருக்கும், எங்கக்கா பீரோவுல தப்பு இருக்கும்" என்று தம்பி கிண்டல் செய்வார். பழைய பதிவுகளைக் கணினிக்கு மாற்றும் வேலையில் சேர்ந்த முதல் மாதமே, அதைக் காலி செய்துவிடலாமே என்று நான் கேட்டேன். அக்கா பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

பிறகு பாவாயம்மாவின் பாட்டு ஒரு சினிமாவில் வந்தது. எருமப்பட்டியில் ஆடு வளர்ப்பவர் அவர். கேசட் காலத்தில் புதிதாகக் கட்டி, எங்களிடம் முதன்முதலாகப் பாடிய கும்மி அது. திரையில் 'கிராமியப் பாடல்' என்று மட்டும் போட்டார்கள். அதற்குக்கூட அவர் வருந்தவில்லை. திருவிழாவில் அவர் பாடியதை மகள் இணையத்தில் ஏற்ற, பாட்டு தங்களுடையது என்று சொல்லிப் படக்காரர்கள் அதை நீக்க வைத்தார்கள்.

"அப்ப நா பாடவே கூடாதுங்களா?" என்று வந்து நின்றார்.

"யாருதும் இல்லேன்னு எடுத்துக்கறாங்க. எடுத்ததும் எங்களுதுங்கறாங்க. பாத்துக்கலாம் இருங்க" என்றார் அக்கா.

வழக்குப் போட்டு, நீதிமன்றத்தில் எங்கள் பதிவை ஓடவிட்டோம். "யாரு கட்டுனதுங்க?" என்று அக்காவின் குரல். "நானெங்க கட்டுனேன்? எல்லாம் ஆத்தா குடுத்தது" என்று பாவாயம்மாவின் குரல். நம் பக்கத்தில் அடக்கத்துக்குச் சொல்வதுதான். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொண்டார். அம்மன் கொடுத்த பாட்டு என்றால் அது ஊருக்கே பொது என்றார்.

வெளியே வந்து பாவாயம்மா தலையில் அடித்துக்கொண்டார். "என்ற வாயே என்னயக் கெடுத்துருச்சுங்க!"

"ஆத்தா குடுத்திருந்தா ஒரே தரமாக் குடுத்திருப்பா. நீங்க எத்தன தரம் மாத்துனீங்கன்னு எனக்குத் தெரியாதாக்கும்?" என்ற அக்கா, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

அடுத்த விசாரணையில் அந்தப் பாட்டின் 'தப்பு' நாடா ஓடியது. "மலைமேல ஏறி நின்னு கூப்பிட்டேனே மழையே" என்று பாவாயம்மா பாடி நிறுத்துகிறார். "நல்லால்லீங்க." மறுபடி, "கெஞ்சினேனே மழையே." மறுபடி நிறுத்தி, சிரிப்புடன், "கெஞ்சுனா இந்த மழ எங்க வருது? வையோணும்" என்கிறார். அதன் பிறகு முழுக் குரலில் வருகிறது: "வைதேனே மழையே!" படத்தில் இருந்த சொல்லும் அதுதான். நீதிபதியே சிரித்துவிட்டார்.

பாட்டைக் கட்டியவர் பாவாயி என்றும், படத்திலும் பாட்டு ஒலிக்கும் இடமெல்லாம் அந்தப் பெயர் வர வேண்டும் என்றும் தீர்ப்பு வந்தது. அன்று பட்டறைக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து கும்மியடித்தார்கள். அக்கா அதையும் பதிவு செய்தார், ஒவ்வொருவரையும் பேர் சொல்ல வைத்து.

போன வாரம் அக்காவை எடுக்கும் முன் பாவாயம்மா தலைமாட்டில் போய் நின்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை. "என்ற பேரு பாவாயி. ஊரு எருமப்பட்டி. இந்தப் பாட்டு நாங் கட்டுனது" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டுப் பாடினார்.

நடுவில் ஒரு வரி அவருக்கு மறந்துபோயிற்று. கைப்பேசியில் எடுத்த அந்தப் பதிவை நான் ஒரு நாடாவில் ஏற்றினேன். 'தப்பு' என்று எழுதி பச்சை பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். சாவி இப்போது என் இடுப்பில் இருக்கிறது.