மறிப்புக்கு அந்தப் பக்கம் இருந்த வென்ற்

பெரியப்பாவை நினைத்தால் அவருடைய காலுறைகள்தான் முதலில் வருகின்றன, பிள்ளைகள். வீட்டின் கீழ்த்தளமான பேஸ்மென்ற்றில், வீட்டைச் சூடாக்கும் பழைய பேர்னஸிலிருந்து புகைபோக்கிக்குப் போகும் தகரக் குழாய் அவருடைய அறைச் சுவரை ஒட்டியே போகும். அதன் கிட்ட ஒரு கொடி கட்டி, பனியில் நனைந்தவற்றைக் காயப்போடுவார். விடிய வேலைக்கு இறங்கும்போது அவை மொறமொறவென்று காய்ந்திருக்கும்.

மேலே உங்கள் அறைகளில் நீங்கள் ஜக்கெற்றோடு படுத்த காலம் அது. பேர்னஸை மாற்றுவோம் என்று உங்கள் அம்மா கேட்கும்போதெல்லாம் மறித்தவர் அவர்தான்.

"ஓடுற சாமானை ஏன் பிள்ளை கழற்றுறாய்? பழசெண்டு பாத்தால் என்னையும் எல்லோ கழற்றவேணும்!"

"உங்களைக் கழற்ற ஆள் பிடிக்கேலாது, அத்தான்," என்பார் அம்மா. எல்லோரும் சிரிப்போம். அவர் என் அண்ணன், வீட்டுக்கு மூத்தவர். அவர் சொல்லைத் தாண்டி நான் எதையும் செய்ததில்லை. கஞ்சத்தனம் என்றே நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் அவர் போனார். நித்திரையிலேயே போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு, வீட்டில் ஏதோ செய்துகொண்டிருக்க வேண்டும் போலிருந்ததால், பேர்னஸ் பூட்டுகிற வேலை செய்யும் ஒரு தம்பியைக் கூப்பிட்டேன். எஃபிஷென்சி எண்ணென்றால் என்னவென்று அவர் விளங்கப்படுத்தினார்.

"எரிக்கிற காஸை நூறு பங்கெண்டு வையுங்கோ, அண்ணை. உந்தப் பழசு அறுபது பங்குச் சூட்டைத்தான் வீட்டுக்குத் தருது. மிச்சம் இந்தக் குழாயைச் சுடவைச்சுக்கொண்டு வெளியால போகுது. புதுசு தொண்ணூற்றாறு தரும். அதின்ர புகையில சூடே இராது, பிளாஸ்டிக் குழாயே காணும்."

நான் தலையாட்டினேன். சரியாகத்தான் இருந்தது. ஒரே நாளில் தகரக் குழாயையும் கழற்றி எடுத்துவிட்டு மாற்றிவிட்டார்கள். நீங்கள் ஜக்கெற்றைக் கழற்றிவிட்டுப் படுத்தீர்கள்.

பிறகொரு நாள் பெரியப்பாவின் உடுப்புகளை எடுத்துவைக்கக் கீழே போன அம்மா என்னைக் கூப்பிட்டார். "இஞ்ச வாங்கோ. ஏன் இந்த அறை இப்பிடிக் குளிருது?"

பூட்டின தம்பி திரும்ப வந்து பார்த்தார். அறைக்குள் பேர்னஸின் சூட்டுக் காற்று வரும் வென்ற்றே இல்லை. மறிப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கு மேலே இருந்தது. பெரியப்பா கனடாவுக்கு வந்த புதிதில், வேலைத்தலச் சிநேகிதர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களே பலகை அடித்து ஆக்கிய அறை அது. ஆட்டுக்கறி அவிந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் பசி. வென்ற் எந்தப் பக்கம் போகிறதென்று ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

அவருக்குத் தெரியாமல் இருந்திராது. தகரக் குழாயின் சூட்டில்தான் அத்தனை குளிர்காலமும் இருந்திருக்கிறார். வென்ற் வேண்டுமென்றால் மறிப்பை உடைக்கச் சொல்லவேண்டும். தம்பியான என் வீட்டில் ஒண்டியிருக்கிற மனிதர் அதைக் கேட்கமாட்டார். பேர்னஸை மாற்றவேண்டாம் என்று பகிடியாகச் சொல்ல மட்டும் அவரால் முடிந்தது.

அதை விளங்கிக்கொண்டு நான் அந்த அறையில் நின்றேன். அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை. கால் மட்டும் குளிர்ந்தது.

"வென்ற்றை இந்தப் பக்கம் திருப்பிவிடலாம், அண்ணை. கொஞ்சம் வெட்டவேணும். ஆர் இருக்கப்போறது?"

"ஒருத்தரும் இல்லை."

"பிறகேன்? சும்மா சூடு வீணாப் போகும்."

"போகட்டும்," என்றேன். "வெட்டுங்கோ."