ஜெயபாலனும் நாலு பூட்டு கேட்டும்

ஜெயபாலனைப் பற்றி ஜொகூர் பாரு பக்கத்துத் தம்போயில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். மலையேறப் போகிறவர்கள், "அவர் ஓட்டுனா செம்மண் ரோட்டுலகூட தூங்கலாம் லா" என்பார்கள். மற்றவர்கள், "அவன் அலட்சியத்துல ஒரு மனுசன் போயிட்டாரு" என்பார்கள். அந்த இரண்டாவது கூட்டத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று இரண்டு வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம்.

என் பெயர் காசி. தம்போயில் வண்டிச் சாமான் கடை வைத்திருக்கிறேன். ஜெயபாலன் குளுவாங்கிலிருந்து ஒரு பழைய நாலு சக்கர இழுவை ஹைலக்ஸ் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு மாதம் ஒரு தடவை கடைக்கு வருவான். அவன் போகிற பாதைக்கு வண்டிக்கு அடியில் இருக்கிற எந்த ஸ்பிரிங் பட்டையும் ஆறு மாதம் தாங்காது. காஹாங் பக்கத்தில் தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து செம்பனைத் தோட்டத்தைக் குறுக்கே கடந்து, காட்டுக்குள் நுழைந்து, மலையடிவாரம் வரைக்கும் மொத்தம் முப்பத்திரண்டு கிலோமீட்டர். வெயில் காலத்தில் அது பாதை. மழை வந்தால் சவர்க்காரம் தடவிய பலகை. ஜொகூர் பாருவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிற மலையேறிகளை அவன்தான் அங்கே கொண்டுபோய் இறக்கி, சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவான்.

தோட்டத்து டிராக்டர் டிரைவரின் மகன். பத்தொன்பது வயதில் பாலாக் லோரி, அதாவது காட்டு மரம் ஏற்றுகிற லோரி, ஓட்ட ஆரம்பித்தவன். முப்பத்தைந்து வருஷத்தில் அவன் ஹார்ன் அடித்து யாரும் கேட்டதில்லை. பாலம் எதுவானாலும் முதலில் இறங்கி நடந்து பார்ப்பான், காலால் தட்டுவான், திரும்பி வந்துதான் வண்டியை எடுப்பான். நேற்று கடந்த பாலமாயிருந்தாலும் அப்படித்தான். அவன் மனைவி சாந்தினி, "கல்யாணத்தன்னிக்கு மணவறையக்கூட மிதிச்சுப் பாத்துட்டுதான் உக்காந்தாரு" என்பாள்.

நானோ அவசரக்குடுக்கை. எனக்கு மலை ஏறத் தெரியாது, முட்டி வேறு சரியில்லை. இருந்தாலும் சனிக்கிழமை வந்தால் கடையை மகளிடம் விட்டுவிட்டு அவன் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்துவிடுவேன். எனக்கு அங்கே ஒரே ஒரு வேலைதான் இருந்தது. கேட் திறந்து மூடுவது.

அந்தக் கேட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற மேட்டில் குறுக்கே ஓர் இரும்புக் குழாய். அதன் முனையைக் கல்தூணோடு ஒரு சங்கிலி கட்டியிருக்கும். அந்தச் சங்கிலிக்கு நடுவே நாலு பூட்டுகள், ஒன்றோடு ஒன்று கோத்து, அவையே சங்கிலியின் கண்ணிகள் மாதிரி. ஒன்று தோட்டத்தாருடையது, ஒன்று வன இலாகாவுடையது, ஒன்று உள்ளே ஆறு கிலோமீட்டரில் இருக்கும் பூர்வக்குடி மக்களின் கம்பத்துடையது, அதாவது கிராமத்துடையது, நாலாவது ஜெயபாலனுடையது. எந்தப் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி விடும். ஆனால் மூடும்போது நம் பூட்டை இரண்டு பக்கத்துப் பூட்டுகளோடும் கோத்துத்தான் பூட்ட வேண்டும். சங்கிலியின் இரண்டு முனையையும் நேராக நம் பூட்டிலேயே மாட்டிவிட்டால் மற்ற மூன்றும் சும்மா தொங்கும். அப்புறம் நம்மைத் தவிர ஒருவராலும் திறக்க முடியாது.

தோட்டத்து மேனேஜர் அந்த நாலாவது பூட்டையும் சாவியையும் கொடுக்க ஜெயபாலன் நாலு வருஷம் நடையாய் நடந்தான். அவனுக்காகக் கம்பத்திலிருந்து வந்து பேசியவர் அவாங். அவனைவிடப் பத்து வயது மூத்தவர், மலையேறிகளுக்கு வழிகாட்டியாகப் போகிறவர். ஹைலக்ஸ் சேற்றில் புதைந்தால் எங்கிருந்தோ வந்து, ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, சிரித்துக்கொண்டே தள்ளிவிடுவார். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். மலையேறிகள் இறங்கி வரும்வரை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பார்கள். பதினொரு வருஷம் அப்படி.

அந்தச் சனிக்கிழமை ஆறு பேரை அழைத்துப் போனோம். தலைவி லோஷினி என்ற பெண். எட்டரைக்கு அடிவாரத்தில் இறக்கினோம். அவாங் வரவில்லை. உடம்பு சரியில்லை, நெஞ்சு கரிக்கிறது என்று வேறொருவரை அனுப்பியிருந்தார். மேற்கே கறுத்திருந்தது. "தண்ணி ஏறுறதுக்குள்ள வெளிய போயிடுவோம் ண்ணே, நாலு மணிக்குத் திரும்ப வரலாம்," என்றான் ஜெயபாலன். உள்ளே மாட்டிக்கொண்டால் ஆறு பேரையும் வெளியே எடுக்க வண்டி இல்லாமல் போய்விடும், அதனால் மழை நாளில் தோட்டத்து முகப்பில் இருக்கும் சாப்பாட்டுக் கடையில் காத்திருப்பது அவன் வழக்கம்.

கேட்டுக்கு வரும்போது மழை கொட்டியது. நான் இறங்கித் திறந்தேன். வண்டி வெளியே வந்தது. இனி மூட வேண்டும். சங்கிலி நனைந்து கனத்தது. குழாயை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு பூட்டுகளைக் கோக்க வேண்டும். இரண்டு தடவை நழுவியது. முட்டி வலித்தது. நாலு மணிக்கு நாமே வரப்போகிறோம், இந்த மழையில் எவன் வரப்போகிறான் என்று நினைத்தேன். இரண்டு முனையையும் நம் பூட்டில் மாட்டி அழுத்தினேன்.

வண்டியில் ஏறியதும் அவன் கேட்டான். "கோத்தீங்களா ண்ணே?"

"கோத்தாச்சு, எடு," என்றேன்.

அந்த ஒரு சொல்லைத்தான் இரண்டு வருஷமாக மென்று கொண்டிருக்கிறேன்.

இரண்டு மணிக்குக் கடையில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் கைபேசி அடித்தது. காட்டுப் பக்கம் அந்தக் கேட் மேட்டில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அங்கிருந்து கூப்பிட்டது அவாங்கின் மகன் சுடின். மலாயில் கத்தினான், எனக்கே கேட்டது. அப்பாவுக்கு நெஞ்சு வலி, வேர்த்துக் கொட்டுகிறது, வண்டியில் ஏற்றிக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டோம், எங்கள் பூட்டு சும்மா தொங்குகிறது, உங்கள் பூட்டுதான் பிடித்திருக்கிறது.

ஜெயபாலன் என்னைப் பார்த்தான். பாதித் தட்டை அப்படியே விட்டு எழுந்தான். கடைக்காரரிடம் ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னான். அது தார் ரோட்டு முனைவரைதான் வரும். அங்கிருந்து கேட்டுக்கு இருபத்து நாலு கிலோமீட்டர்.

அவன் வேகமாக ஓட்டி அன்றுதான் பார்த்தேன். வண்டி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போனது, செம்பனை மட்டைகள் கண்ணாடியில் அடித்தன. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் தாழ்வான சிமெண்டுப் பாலம் ஒன்று. காலையில் அதற்கடியில் முழங்கால் தண்ணீர்தான் ஓடியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாலமே தெரியவில்லை. பழுப்புத் தண்ணீர் மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு ஓடியது.

பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுடின் கேட்டுக்கு வந்தது ஒன்றே முக்காலுக்கு. கேட் திறந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் பாலத்தைத் தாண்டியிருப்பான். அப்போது பாலத்தின் மேல் தண்ணீர் ஏறவில்லை.

ஜெயபாலன் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு இறங்கினான். இடுப்பு வரைக்கும் போய்க் கால் நழுவித் திரும்பினான். கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையை வண்டியில் கட்டி, என்னைப் பிடிக்கச் சொல்லி மறுபடி இறங்கினான். தண்ணீர் அவனைத் துணி மாதிரி சுருட்டியது. இழுத்துப் போட்டேன். மூன்றாவது தடவை எழுந்தபோது அவன் மேல் விழுந்து படுத்துக்கொண்டேன்.

"விடுங்க ண்ணே. சாவி என்கிட்ட இருக்கு."

"நீ செத்தா சாவி எப்படிடா போவும்?"

அவன் அழுதான். நானும்தான்.

அப்போது அக்கரையில் அவர்கள் வந்தார்கள். கேட்டைக் கல்லால் அடித்துப் பார்த்துவிட்டு, முடியாமல், அவாங்கைக் குழாய்க்கு அடியில் எடுத்து, சாரோங்கில் தொட்டில் கட்டி, சுடினும் இன்னும் இரண்டு பேரும் இறக்கம் முழுக்கத் தூக்கி வந்திருந்தார்கள். நடுவே நாற்பது அடி தண்ணீர்தான். இந்தப் பக்கம் வண்டி இருக்கிறது, டிரைவர் இருக்கிறான், எண்ணெய் இருக்கிறது, ரோட்டு முனையில் ஆம்புலன்ஸ் வந்து காத்திருக்கும். ஒன்றும் செய்ய முடியவில்லை. கத்தினாலும் கேட்கவில்லை.

அவாங்கை ஒரு பாறையில் சாய்த்து உட்கார வைத்தார்கள். அவர் எங்களைப் பார்த்தார். கையைக் கொஞ்சம் தூக்கினார். வா என்றாரா, வேண்டாம் என்றாரா, தெரியாது. ஜெயபாலன் தண்ணீர் ஓரமாகவே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். ஒரு மணி நேரத்துக்கு மேல் நாங்கள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தோம், அவர் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலு மணி வாக்கில் சுடின் துண்டை எடுத்து அவர் முகத்தில் போட்டான்.

ஐந்தரைக்குத் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. முதலில் கடந்து வந்தவன் சுடின். இருபத்தைந்து வயதுக்காரன். மலாயில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "யார் பூட்டினது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் ஜெயபாலன், "நான்தான்," என்று சொல்லிவிட்டான்.

சுடின் அவன் நெஞ்சில் துப்பினான். ஜெயபாலன் துடைக்கவில்லை. நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அவாங்கை ஜெயபாலனின் ஹைலக்ஸில்தான் வெளியே கொண்டுவந்தோம். மலையேறிகளை எட்டு மணிக்குத்தான் திரும்பப் போய் ஏற்ற முடிந்தது. நடந்தது எதுவும் தெரியாமல் லோஷினி, தாமதத்துக்கு இணையத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தாள். தெரிந்த பிறகு அதை அழித்துவிட்டாளாம்.

குளுவாங் வரும் வழியில் கேட்டேன். "ஏன்டா அப்படிச் சொன்ன?"

"சாவி என்னை நம்பிக் குடுத்தது ண்ணே. உங்கள நம்பி இல்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. விலாசம் சொல்வது போலச் சொன்னான். அடுத்த வாரமே சாவியைத் தோட்டத்தில் ஒப்படைத்தான். ஹைலக்ஸை விற்றான். இப்போது பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறான். மலைக்குப் போகும் பாதையில் கால் வைப்பதில்லை. என் கடைக்கும் வருவதில்லை, பஸ்ஸுக்குக் கம்பெனியே சாமான் வாங்குகிறதாம். ஒரு நல்ல டிரைவரின் வாழ்க்கையை என் சோம்பேறித்தனம் முடித்து வைத்தது. அதை இவ்வளவு தெளிவாக எழுத முடிகிற எனக்கு, ஒருவனிடம் போய்ச் சொல்ல இரண்டு வருஷம் ஆயிற்று.

போன மாதம்தான் போனேன். என் காரில் கேட் வரைக்கும் போவதற்கே மூன்று மணி நேரம், அடியில் எதுவோ கழன்று தொங்கியது. உள்ளே போன ஒரு கம்பத்து ஆளிடம் சுடினுக்குச் சொல்லி அனுப்பினேன். மோட்டார் சைக்கிளில் வந்தான். கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, "என்ன பாக்சிக்?" என்றான். மாமா என்கிற மரியாதை அப்போதும் விடவில்லை.

சொன்னேன். மழை, முட்டி, கோத்தாச்சு என்ற பொய், எல்லாம். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன்.

அவன் அடிக்கவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு மண்ணில் உட்கார்ந்தான். "அப்பா போனது உங்களாலயா மழையாலயா, எனக்குத் தெரியாது," என்றான். "ஆனா ஜெயபாலன் மேல துப்புனது நான்."

ஜெயபாலனின் புது எண்ணைக் கேட்டான். சாந்தினியிடம் வாங்கி வைத்திருந்தேன், கொடுத்தேன். அந்த மேட்டில் சிக்னல் இருக்கிறதே, உடனே போன் அடித்தான். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தான். எடுக்கவில்லை.

"பஸ் ஓட்டும்போது போன் எடுக்க மாட்டான்," என்றேன். "ஆறு மணிக்கு ஷிப்ட் முடியும்."

அப்போது மணி இரண்டு. சுடின் எழுந்திருக்கவில்லை. எண்ணைப் பார்த்துக்கொண்டே, "ஆறு மணிக்கு எடுப்பாரா?" என்று கேட்டான்.

தெரியாத எண் என்றால் ஜெயபாலன் எப்போதும் எடுப்பதில்லை. அதைச் சுடினிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் கைபேசியை எடுத்து நீட்டினேன். அதிலிருந்து அடித்தாலும் ஜெயபாலன் எடுப்பானா என்று எனக்கே தெரியாது.