ரார் எண்டால் என்ன?

மகள் குளிக்கப் போன நேரம் அவளின்ர போன் குசினி மேசையில மின்னினது. நான் வேணுமெண்டு பார்க்கேல்லை. சரி, பார்த்தனான் எண்டே வைப்பம். அவளைக் கட்டப்போற பெடியன், டென்மார்க்கில பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, டெனிஷில எழுதியிருந்தான்: "உன்ர அம்மா சரியான ரார்."

டெனிஷும் நோர்வே பாசையும் எழுத்தில கிட்டத்தட்ட ஒண்டுதான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நோர்வேயில இத்தனை வருசம் இருந்தவளுக்கு ரார் எண்டால் விசித்திரம், ஒரு மாதிரியான ஆள் எண்டு தெரியாதோ? வேலைக்குப் போன முதல் கிழமை நான் சோத்தைக் கையால குழைச்சுச் சாப்பிட, பக்கத்தில இருந்த நோர்வேக்காரி சொன்ன சொல்லல்லோ அது! நேற்றுத்தான் மோர்டென்ஸ்ருட்டில எங்கட வீட்டை வந்து மூண்டு தரம் புட்டு வாங்கிச் சாப்பிட்டவன். சிரிச்சுச் சிரிச்சுச் சாப்பிட்டது இதுக்குத்தானோ? "தம்பி குடிக்கிறதோ, கோயிலுக்குப் போறதோ" எண்டு கொஞ்சம் துருவிக் கேட்டனான்தான். அதுக்கு?

"இந்தச் சம்பந்தம் வேண்டாம்" எண்டு என்ர மனுசனிட்டைச் சொன்னன். "ஏன்?" எண்டார். போனைப் பார்த்தது வெளியில வந்திடும் எண்டு வாயைப் பொத்திக்கொண்டன்.

அடுத்தநாள், முதியோர் இல்லத்தில என்னோட வேலை செய்யிற டெனிஷ்காரியைப் பிடிச்சு, ஆரோ கேட்ட மாதிரி மெல்லக் கேட்டன். அவள் சிரிச்சாள். டெனிஷில ரார் எண்டால் அன்பான ஆளாம். சுவீடன்காரருக்கும் அப்பிடித்தானாம். மூலம் லத்தீனாம், அரிது எண்டு அர்த்தமாம். ஜெர்மன்காரர் இப்பவும் அரிதான சாமானுக்குத்தான் அதைச் சொல்லுவினமாம். நோர்வேக்காரர்தான் அதை விசித்திரமாக்கிப் போட்டினம். நாங்களும் அப்பிடித்தானே? அரிதானதை அருமை எண்டுறம், பிடிக்காட்டில் "கண்டறியாத சாமான்" எண்டு திட்டுறம்.

எண்டாலும் டெனிஷ்காரி தன்ர பாசைச் சொல்லைக் குறைச்சுச் சொல்லுவாளோ? போனில அகராதியிலயும் தட்டிப் பார்த்தன். கோதாரி, அவள் சொன்னது சரிதான். வெக்கமாப் போச்சு. சந்தோசமாயும் இருந்தது.

பின்னேரம் மகளிட்டை எல்லாத்தையும் சொல்லி மன்னிப்புக் கேட்டன். அவள் கோவிக்கேல்லை. "அவருக்கு உங்களில சரியான விருப்பம் அம்மா, நீங்களே பாருங்கோ" எண்டு போனை நீட்டினாள். பிறகு என்ன நினைச்சாளோ, சட்டெண்டு இழுத்துக்கொண்டாள். அதுக்குள்ள நான் வாசிச்சுப்போட்டன். அவன் எழுதினதுக்குக் கீழ அவளின்ர பதில் இருந்தது: "ஓம், சரியான ரார்."

என்ர பிள்ளைக்கு டெனிஷ் வாசிக்க மட்டும்தான் தெரியும். அவள் அவனுக்கு எழுதுறது எப்பவும் நோர்வே பாசையில.